ஒன்றுபோல் தோன்றும் வண்ணத்துப்பூச்சிகளைப் பிரித்தறிவது எப்படி? இறக்கைக் குறிகள் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரஞ்சு இறக்கை, முனையில் கருப்பு, கருப்பின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. இந்த அடையாளத்தைச் சொல்லிப் பெயர் கேட்டால் நம் நாட்டில் குறைந்தது மூன்று பதில்கள் உண்டு. எருக்கஞ்செடியைச் சுற்றித் திரியும் வெந்தய வரியன் ஒன்று. ஆங்கிலப் பெயரில் பிளைன் டைகர். டனாய்ட் எக்ஃப்ளையின் பெண் இன்னொன்று. இண்டியன் ஃப்ரிட்டிலரியின் பெண் மூன்றாவது. நிறத்தை மட்டும் நம்பினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வெந்தய வரியனின் புழு எருக்கின் பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்து வைக்கிறது. அதைத் தின்று வாந்தி எடுத்த பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. நஞ்சில்லாத இனங்கள் அதே நிறத்தை அணிந்து தப்பிக்கின்றன. அமேசான் காடுகளில் பல ஆண்டுகள் சேகரிப்பில் ஈடுபட்ட ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் இதை விளக்கி எழுதினார். இன்றும் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

இதில் நமக்குப் பயன்படும் உண்மை ஒன்று இருக்கிறது. நகலைச் செதுக்கியது பறவையின் கண். பறந்துகொண்டே ஒரு நொடியில் முடிவெடுக்கும் பறவைக்கு மொத்த நிறமும் பட்டையும்தான் கணக்கு. பின்னிறக்கையில் புள்ளி ஒன்றா மூன்றா, வயிறு சிவப்பா கருப்பா, கால் நான்கா ஆறா என்று அது எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அந்த இடங்களில் நகல் அசலோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே, நம் கண்ணை முதலில் கவரும் இடம் அடையாளம் காண்பதற்கு மோசமான இடம். பறவை கவனிக்காத இடத்தைப் பாருங்கள்.

முதலில் இறக்கையின் வரைபடம்

சில சொற்கள் தெரியாமல் எந்தக் களக்கையேட்டையும் படிக்க முடியாது. முன்னிறக்கை, பின்னிறக்கை என்று இரண்டு இணை. ஒவ்வொன்றுக்கும் மேற்புறம், அடிப்புறம் என இரண்டு பக்கம். இறக்கையை மூடி உட்கார்ந்தால் நமக்குத் தெரிவது அடிப்புறம். உடம்போடு ஒட்டும் இடம் அடி. தலைப்பக்கம் இருக்கும் ஓரம் முன்விளிம்பு. அது முடியும் மூலை முனை. உடம்பிலிருந்து தள்ளி இருக்கும் ஓரம் வெளிவிளிம்பு.

இன்னொரு சொல்லை மட்டும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: செல். இறக்கையின் அடியிலிருந்து கிட்டத்தட்ட நடுப்பகுதி வரை, நரம்புகள் சுற்றி வளைத்த நீளமான ஒரு பெரிய அறை இருக்கும். அதுதான் செல். கீழே வரும் பல விதிகள் "செல்லுக்குள் புள்ளி உண்டா, எத்தனை" என்ற கேள்வியில்தான் முடியும்.

இரண்டாவது: குடும்பத்தைப் பிடியுங்கள்

இனத்துக்குப் போகும் முன் குடும்பம். உட்கார்ந்திருக்கும் பூச்சியின் கால்களை எண்ணுங்கள். வரியன்கள் (டைகர்கள்), கருப்பன்கள் (குரோக்கள்), எக்ஃப்ளைகள் எல்லாம் சேர்ந்த நிம்ஃபாலிடே குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒடுங்கியிருக்கும்; நான்கு கால்தான் தெரியும். ஸ்வாலோடெய்ல் குடும்பத்து அழகிகளுக்கு ஆறு கால்களும் முழுமையாக இருக்கும். நீல வரியனைப் போலவே வேடமிடும் காமன் மைம், அழகிகள் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரமண்ணில் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் எடுத்த ஒரு படம் போதும், கால்களை எண்ணியே குடும்பத்தை முடிவு செய்துவிடலாம்.

அழகிகளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பூவில் தேன் குடிக்கும்போதுகூட முன்னிறக்கை ஓயாமல் படபடக்கும். வரியன்கள் இறக்கையை மூடிக்கொண்டு நிதானமாகத் தொங்கும்.

மூன்றாவது: கிடைத்திருப்பது எந்தப் பக்கம்?

புல்வெளி மஞ்சள்கள், அதாவது கிராஸ் யெல்லோக்கள், உட்காரும்போது இறக்கையைத் திறப்பதே இல்லை. எமிகிரன்ட்களும் அப்படித்தான். இவற்றின் மேற்புற விளிம்பைப் பற்றி நூலில் எவ்வளவு எழுதியிருந்தாலும் களத்தில் உதவாது. அடிப்புறக் குறிகளைத்தான் நம்ப வேண்டும். ஒரு தந்திரம் உண்டு. வெயிலுக்கு எதிரே நின்று படமெடுத்தால் மெல்லிய மஞ்சள் இறக்கையின் ஊடாக மேற்புறக் கருப்பு விளிம்பு நிழலாகத் தெரியும். அதன் வடிவத்தைக்கூட அதிலிருந்து படித்துவிடலாம்.

கருப்பன்களின் ஆண்களை அடையாளம் காட்டும் கோடுகளோ மேற்புறத்தில்தான் இருக்கின்றன. ஆகவே படமெடுக்கும் முன்பே "இந்தக் கூட்டத்துக்கு எந்தப் பக்கம் வேண்டும்" என்று தெரிந்திருப்பது நல்லது. காலை வெயிலில் பல இனங்கள் இறக்கையை விரித்துக் குளிர்காயும். மேற்புறம் வேண்டுமானால் அந்த நேரத்தில் போங்கள்.

நான்காவது: இணை இணையாகப் பார்ப்பது

*வெந்தய வரியனும் டனாய்ட் எக்ஃப்ளை பெண்ணும்.* முன்னிறக்கையை விட்டுவிடுங்கள். அங்கேதான் நகல் மிகக் கச்சிதம். பின்னிறக்கைக்கு வாருங்கள். வெந்தய வரியனில் நடுப்பகுதியில் மூன்று கருப்புப் புள்ளிகள். ஆணாக இருந்தால் நான்காவதாக ஒன்று தடித்துத் தெரியும், அது வாசனைப் பை. டனாய்ட் எக்ஃப்ளையில் பின்னிறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. முன்னிறக்கை முனையில் கருப்பே இல்லாத எக்ஃப்ளை வடிவமும் இருக்கிறது. இந்தப் புள்ளி விதி அதற்கும் பொருந்தும். இண்டியன் ஃப்ரிட்டிலரியில் இறக்கை முழுக்கக் கரும்புள்ளிகள் இறைந்து கிடக்கும், அதனால் அருகில் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வரிப்புலியான ஸ்ட்ரைப்டு டைகரில் நரம்புகள் எல்லாம் கருப்புக் கோடாகத் தடித்திருக்கும்.

எக்ஃப்ளை ஆண்களுக்குத் தனிச் சிக்கல். டனாய்ட் எக்ஃப்ளை ஆணும் கிரேட் எக்ஃப்ளை ஆணும் கருப்பு இறக்கையில் வெள்ளைத் திட்டும், அதைச் சுற்றி நீல மினுக்கும் கொண்டவை. மேற்புறத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தடுமாறத்தான் செய்யும். இறக்கையை மூடும் வரை காத்திருங்கள். டனாய்ட் எக்ஃப்ளையின் அடிப்புறத்தில் செம்பழுப்பின் நடுவே அகன்ற வெள்ளை, அதன் மேல் ஓரத்தில் ஒரு கருப்புப் புள்ளி. பெண்ணுக்கு இருக்கும் அதே இடம். கிரேட் எக்ஃப்ளையில் வெள்ளைப் பட்டை ஒடுங்கியிருக்கும், விளிம்பை ஒட்டி வெண்புள்ளி வரிசை ஓடும்.

*ரோஜா அழகிகளும் கறிவேப்பிலை அழகியும்.* என் பார்வையில், தமிழ்நாட்டில் ஒருவர் வண்ணத்துப்பூச்சி பார்க்கத் தொடங்க இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும்.

கறிவேப்பிலை அழகியின் (ஆங்கிலத்தில் காமன் மார்மன்) பெண் மூன்று வடிவங்களில் வரும். ஒன்று ஆணைப் போலவே: கருப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெண்புள்ளி வரிசை. இன்னொன்று காமன் ரோஸைப் போல: முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை இல்லை, பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளும். மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல: முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகள், பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகள். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1865இல் இவை மூன்றும் ஒரே இனத்தின் பெண்கள் என்று எழுதினார். 1910களில் இலங்கையில் ஃபிரையர் என்பவர் இவற்றை வளர்த்து, வடிவம் எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்று ஆராய்ந்தார். 2014இல் கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் இந்த வேடத்தின் பின்னால் இருப்பது டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு என்று நேச்சர் இதழில் காட்டினார்கள். ஒரு வீட்டுச் செடியில் முட்டையிட வரும் பூச்சிக்குள் இவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பிரித்தறியும் விதி ஒற்றை வரி: உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிகளான காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் இரண்டுக்கும் தலையும் வயிறும் சிவப்பு. கறிவேப்பிலை அழகிக்கு எந்த வடிவத்திலும் உடம்பு கருப்பு. இறக்கை கிழிந்து நைந்து போயிருந்தாலும் இந்த விதி நிற்கும். உடம்பு சரியாகத் தெரியாத படமானால், எங்கே எடுத்தது என்று யோசியுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைத் தளிரில் வயிற்றை வளைத்து முட்டையிட்டால் அது கறிவேப்பிலை அழகி. ஆடுதின்னாப்பாளையிலோ ஈஸ்வரமூலிக் கொடியிலோ முட்டையிட்டால் ரோஜா அழகி. பறக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. நஞ்சுள்ள ரோஜா அழகி அவசரமே இல்லாமல் மிதந்து போகும். வேடமிட்டது துரத்தினால் சட்டென்று திசை மாறி விரைந்துவிடும்.

*நீல வரியன், கருநீல வரியன், கிளாஸி டைகர், காமன் மைம்.* முதல் இரண்டையும் பிரிக்க, கருப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். நீல வரியனில் கோடுகள் அகன்று வெளிறியிருக்கும். கருநீல வரியனில் கருப்பு மிகுந்து கோடுகள் மெலிந்திருக்கும். இரண்டும் கலந்த கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்கையில் எளிது, தனியாக ஒன்றைப் பார்க்கையில் கடினம். கிளாஸி டைகர் சிறியது. நீலமாக இல்லாமல் வெளிறிய வெள்ளையாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். காமன் மைமுக்குப் பின்னிறக்கை ஓரத்தில் மஞ்சள் புள்ளி வரிசை இருக்கும். வரியன் எதற்கும் அது கிடையாது.

*கருப்பன்கள்.* காமன் குரோ, டபுள் பிராண்டட் குரோ இரண்டும் பழுப்புக் கருப்பு, ஓரத்தில் வெண்புள்ளிகள். ஆண்களுக்கு முன்னிறக்கை மேற்புறத்தில் வாசனைச் செதில்களாலான கோடு உண்டு. முன்னதற்கு ஒன்று, பின்னதற்கு அடுத்தடுத்து இரண்டு. பெண்களிடம் இந்தக் கோடு இல்லை, ஆகவே மூடிய இறக்கையோடு ஒரு பெண் கிடைத்தால் "கருப்பன்" என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

காமன் மைமின் இன்னொரு வடிவமும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மலபார் ரேவனும், கிரேட் எக்ஃப்ளையின் பெண்ணும் கருப்பன் வேடமிடுபவை. முதல் இரண்டையும் கால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். அவற்றுள் பின்னிறக்கை ஓரத்தில் மஞ்சள் இருந்தால் மைம், இல்லையென்றால் ரேவன். எக்ஃப்ளை பெண்ணுக்கும் கருப்பனைப் போல நான்கு கால்தான், அதனால் அங்கே வெளிவிளிம்பைப் பாருங்கள். எக்ஃப்ளைக்கு அது அலையலையாக வெட்டுப்பட்டிருக்கும், கருப்பனுக்கு வழுவழுப்பாக வளைந்து போகும். கருப்பனின் தலையிலும் மார்பிலும் வெண்பொட்டுகளும் பளிச்சென்று தெரியும்.

*காமன் ஜெசிபெல்லும் பெயின்டட் சாடூத்தும்.* இரண்டுக்கும் அடிப்புறத்தில் மஞ்சள், கருப்பு நரம்பு, ஓரத்தில் சிவப்பு. சிவப்புத் திட்டுகளின் வடிவம்தான் சாவி. ஜெசிபெல்லில் அவை உள்நோக்கிக் கூர்ந்திருக்கும், சாடூத்தில் சதுரமாக இருக்கும். ஜெசிபெல் மரங்களின் உச்சியில், புல்லுருவி படர்ந்த கிளைகளைச் சுற்றி மெதுவாகப் பறக்கும். சாடூத் வேகமானது. காட்டோடையின் ஈரமண்ணில் உறிஞ்சிக்கொண்டிருக்கும் "ஜெசிபெல்"லைப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள். சாடூத் ஆண்கள்தான் அப்படி வந்து இறங்கும். இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள இனம் என்பதால் சரியான பதிவுக்கு மதிப்பு அதிகம்.

வேடமல்ல, உறவு

இதுவரை பார்த்தவற்றுள் பெரும்பாலானவை வேடங்கள். இனி வருபவை நெருங்கிய சொந்தங்கள் என்பதால் ஒன்றுபோல் இருப்பவை. இங்கே பறவையின் கண் என்ற தர்க்கம் உதவாது, பொறுமையாக எண்ணத்தான் வேண்டும்.

புல்வெளி மஞ்சள்களில் முன்னிறக்கை அடிப்புறச் செல்லைப் பாருங்கள். உள்ளே மூன்று பழுப்புக் குறிகள் இருந்தால் த்ரீ-ஸ்பாட், இரண்டு என்றால் காமன், ஒன்று என்றால் ஒன்-ஸ்பாட். ஒன்றுமே இல்லையென்றால் ஸ்பாட்லெஸ் அல்லது ஸ்மால். சொல்வது எளிது, செய்யும்போது ஒரு தடை வரும். உட்கார்ந்த பூச்சியில் முன்னிறக்கையின் அடிப்பாகத்தைப் பின்னிறக்கை மூடிக்கொண்டிருக்கும். செல்லின் பாதி உள்ளே போய்விடுவதால் மூன்று குறிகள் இரண்டாகவும், இரண்டு ஒன்றாகவும் தெரியும். பூவுக்குத் தாவும்போதும் தேன் குடிக்கும்போதும் முன்னிறக்கை மேலே எழும்; அந்தக் கணத்துக்குக் காத்திருந்து தொடர்ச்சியாகப் படமெடுங்கள். வறண்ட பருவத்தில் காமனின் குறிகள் மங்கிப்போவதும் உண்டு. முட்டையோ புழுவோ கிடைத்தால் இன்னொரு துப்பு: த்ரீ-ஸ்பாட் கொத்தாக முட்டையிடும், புழுக்களும் கூட்டமாகவே தின்னும். காமன் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும்.

புல் நீலங்கள், விரல் நகமளவே இருப்பவை, புல்தரையில் காலடியில் பறக்கும். அவற்றுக்கும் அதே செல்தான். முன்னிறக்கை அடிப்புறச் செல்லின் நடுவில் புள்ளி இருந்தால் பேல் கிராஸ் புளூ அல்லது டார்க் கிராஸ் புளூ. இல்லையென்றால் லெஸ்ஸர் அல்லது டைனி. புள்ளி இல்லாத இரண்டில், முன்னிறக்கையின் முன்விளிம்பில் சிறு புள்ளி இருந்தால் அது டைனி. புள்ளி உள்ள இரண்டில், ஆண் இறக்கை விரித்தால் வெள்ளி கலந்த வெளிர்நீலம் பேல், ஊதா கலந்த அடர்நீலம் டார்க். புளியாரைக் கீரை முளைத்த தோட்டங்களில் பேல் மிகுதி, அதன் புழுவுக்கு உணவு அதுதான்.

எமிகிரன்ட்களில் மாட்டில்டு எமிகிரன்ட்டின் அடிப்புறம் பச்சை கலந்து, பொடிப்பொடியான பழுப்புக் கீற்றுகளோடு இருக்கும். காமன் எமிகிரன்ட்டில் அந்தக் கீற்றுகள் கிடையாது. ஆனால் காமனுக்கே இரண்டு வடிவங்கள் உண்டு: உணர்கொம்பு கருப்பாக, அடிப்புறம் வெறுமையாக ஒன்று, உணர்கொம்பு இளஞ்சிவப்பாக, சிவப்பு வளையமிட்ட வெள்ளிப் புள்ளிகளோடு மற்றொன்று. இரண்டையும் இரு இனமாக எழுதிவிடாதீர்கள்.

ஐந்தாவது: பருவமும் தேய்மானமும்

வெப்பமண்டலத்தில் ஒரே இனம் மழைக்காலத்தில் ஒரு முகமும் வறண்ட காலத்தில் இன்னொரு முகமும் காட்டும். காமன் ஈவினிங் பிரவுனின் அடிப்புறத்தில் மழைக்காலத்தில் கண்வடிவப் புள்ளிகள் தெளிவாக இருக்கும். வறண்ட பருவத்தில் அவை மங்கி, காய்ந்த இலை போலாகிவிடும், விளிம்பும் கோணலாகும். மயில் கண்கள் கொண்ட பீகாக் பேன்ஸியின் அடிப்புறமும் இதேபோல் சருகாக மாறும். ஆகவே கையேட்டுப் படத்தோடு ஒப்பிடும்போது அது எந்தப் பருவத்துப் படம் என்று கவனியுங்கள்.

நீல மினுக்கை ஒருபோதும் சாவியாகக் கொள்ளாதீர்கள். அது சாயமல்ல, செதில்களின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. நீங்கள் ஓரடி நகர்ந்தால் மறைந்துவிடும். செதில் உதிர்ந்த பழைய இறக்கையில் எந்த நிறமும் வெளிறும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு, புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் நரம்பமைப்பையும் மட்டும் பாருங்கள்.

ஆறாவது: படமும் பதிவும்

பிடிக்க வேண்டாம், விரல்பட்டால் செதில் போய்விடும். மேலே சொன்ன எதற்கும் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. பூச்சியைக் கண்டதும் தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள், பறந்துவிட்டால் அதுதான் சான்று. பிறகு நெருங்கி, கேமராவை இறக்கைத் தளத்துக்கு நேர் எதிராகப் பிடித்து அடிப்புறம். அடுத்தது பக்கவாட்டில் உடம்பும் கால்களும். திறந்தால் மேற்புறம். எந்தச் செடியில் இருந்தது, முட்டையிட்டதா, தேன் குடித்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க, பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா இணையதளத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் இருபுறமும், பருவ வடிவங்களும், புழுக்களும் படங்களாகக் கிடைக்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றினால் செயலி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரை மொத்தத் தோற்றத்தை வைத்து வருவது; கிட்டத்தட்ட பறவை பார்ப்பதுபோலத்தான் அதுவும் பார்க்கிறது. வேடமிடும் இனங்களில் அது தடுமாறலாம். பெயரை ஏற்கும் முன், சாவியான இடம் படத்தில் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். தெரியவில்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திப் பதியுங்கள். புல்வெளி மஞ்சள்களின் பேரினப் பெயரான "யூரிமா" என்று மட்டும் எழுதிய பதிவு பயனுள்ளது. படத்தில் செல் தெரியாமலே "ஒன்-ஸ்பாட்" என்று எழுதியது பரவல் வரைபடத்தில் பொய்ப் புள்ளியாக உட்கார்ந்துவிடும்.

தொடங்க மலைக்குப் போக வேண்டியதில்லை. வரியன்களுக்கும் கருப்பன்களுக்கும் கிலுகிலுப்பைச் செடியோ தேள்கொடுக்கோ இருக்கும் தரிசு நிலம் போதும். அவற்றின் காய்ந்த தண்டிலும் இலையிலும் ஆண்கள் கூட்டமாக வந்து மொய்க்கும். இந்தப் பூச்சிகள் பருவமழைகளை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிகளுக்கும் இடையே கூட்டங்கூட்டமாக இடம்பெயர்பவை. அப்படிப்பட்ட நாட்களில் ஒரே புதரில் நீல வரியன், கருநீல வரியன், இரண்டு வகைக் கருப்பன்கள் எல்லாம் அருகருகே உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் தனியாகப் பார்த்துத் தடுமாறுகிறவர்கள் அந்தப் புதரின் முன் அரை மணி நேரம் நின்றால், கோடு அகலம், மெலிவு என்பதெல்லாம் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.